நொய்யல்: குளங்களால் ஆன ஆறு

நொய்யலைப் பற்றிக் கோவை, திருப்பூர்ப் பக்கம் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு கதைகளில் ஒன்று வரும். அந்தக் காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடியது, இப்போது சாக்கடையாகிவிட்டது என்பார்கள். இல்லையென்றால், சாயப்பட்டறைகள் வந்தன, ஆறு செத்தது என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. ஆண்டில் சில வாரங்களே வெள்ளம் கண்டு, மற்ற நாளெல்லாம் மெலிந்தோ மணலாகவோ கிடந்த ஒரு சிற்றாற்றை நம்பி இத்தனை ஊர்களும் கோயில்களும் வயல்களும் எப்படி எழுந்தன? இன்று கோவைக்குக் கீழே பன்னிரண்டு மாதமும் நீர் ஓடுகிறதே, அதில் ஏன் ஒரு மாட்டைக்கூட இறக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு விடை ஆற்றுப் படுகைக்குள் இல்லை என்பது என் முடிவு. அணைக்கட்டு, ராஜவாய்க்கால், குளம், களிங்கு, கிணறு என்று இரு பக்கமும் விரிந்த ஓர் ஏற்பாடுதான் நொய்யலை ஆறாக வைத்திருந்தது. அந்த ஏற்பாடு குலைந்த இடத்தில், வேறு ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட நீர் கழிவாகி வந்து நிரம்பியது. நீர் குறைந்ததால் வந்த கேட்டைவிட, தனக்குச் சொந்தமல்லாத நீரைச் சுமக்க நேர்ந்ததால் வந்த கேடு நொய்யலுக்குப் பெரிது. ஆற்றின் நிலவியலையும் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மலையும் பள்ளங்களும்

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையின் கிழக்குச் சரிவில் பல ஓடைகள் இறங்குகின்றன. சாடிவயல் வழியே வரும் சின்னாறும், போளுவாம்பட்டிப் பக்கத்துப் பெரியாறும் ஆலாந்துறை வட்டாரத்தில் கூடுதுறை என்னும் இடத்தில் சேர்கின்றன. அங்கிருந்துதான் நொய்யல் என்ற பெயர். கிழக்கு நோக்கிக் கோவை, சூலூர், திருப்பூர் கடந்து, காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையே புகுந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரருகே காவிரியில் விழுகிறது. நீளம் சுமார் 180 கி.மீ. வடிநிலம் ஏறத்தாழ 3,500 சதுர கி.மீ. அகலம் சராசரியாக 25 கி.மீ. கூட வராது. வடக்கே பவானி, தெற்கே அமராவதி என்று இரண்டு வலுவான ஆறுகளுக்கு நடுவில் நெருக்கப்பட்ட ஒல்லியான நிலப்பட்டை இது.

இந்தப் பட்டையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது மலைமறைவு. தென்மேற்குப் பருவமழை மலையுச்சியில் கொட்டிவிட்டு, சமவெளிக்கு வரும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் அந்தக் காற்று கோவைக்குக் குளிர்ச்சியைத் தருமே தவிர நீரைத் தராது. கோவை நகரில் ஆண்டுக்கு 700 மி.மீ.-க்குள்தான் மழை, கிழக்கே போகப் போக வறட்சி கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் கைகொடுத்தால் உண்டு. ஆக, நொய்யலுக்கு நீர் இரண்டு வழியில் வரும்: ஆனி, ஆடியில் மலையிலிருந்து பாயும் புதுவெள்ளம், ஐப்பசியில் சமவெளிப் பள்ளங்கள் கொண்டுவரும் செந்நீர்.

மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடையைக் கொங்கில் பள்ளம் என்பார்கள். நொய்யலின் கணக்கில் இந்தப் பள்ளங்களை விட்டுவிட்டால் பாதி ஆறு போய்விடும். குருடிமலையில் தோன்றி இடிகரை, கோவில்பாளையம், தெக்கலூர் வழியே சுற்றிவந்து வஞ்சிப்பாளையம் அருகே நொய்யலில் சேரும் கௌசிகா நதி அவற்றில் பெரியது. திருப்பூருக்கு வடக்கேயிருந்து வரும் நல்லாறு மற்றொன்று. கோவையின் சங்கனூர்ப் பள்ளம், திருப்பூரின் ஜம்மனை ஓடை ஆகியவற்றை இன்று நகரவாசிகள் சாக்கடை என்றே அறிவார்கள். அவையும் ஒரு காலத்தில் மழைநீரை ஆற்றுக்கும் குளத்துக்கும் சேர்த்த பள்ளங்கள்தாம்.

அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையும் மண்ணுமாகச் சில பத்து அடி. ஆற்று மண்ணில் ஆழமாக நீர் தங்கும் தஞ்சாவூர் வேறு, இது வேறு. இங்கே நிலத்தடி நீர் என்பது அந்த மேல்படுகையிலும் பாறை வெடிப்புகளிலும் ஊறி நிற்பதுதான். ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். நாலு நாளில் ஓடி மறையும் வெள்ளம் இந்தப் பாறைக்கு எதையும் விட்டுச் செல்லாது.

நிறுத்திவைக்கும் கலை

இந்த இடத்தில்தான் பழைய மனிதர்களின் வேலை தொடங்குகிறது. கூடுதுறைக்குக் கீழே சித்திரைச்சாவடியில் முதல் அணைக்கட்டு. அங்கிருந்து குனியமுத்தூர், கோவை, குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று ஆற்றின் போக்கில் இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள். அவற்றைச் சார்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள். அணைக்கட்டு என்றதும் மேட்டூரை நினைத்துவிடக் கூடாது. இவை ஆற்றின் குறுக்கே கிடக்கும் தாழ்ந்த கற்சுவர்கள். நீரைத் தேக்குவது இவற்றின் வேலையில்லை. மட்டத்தைச் சில அடி உயர்த்தி, வெள்ளத்தின் ஒரு பங்கை ராஜவாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல் வழியவிடும்.

வாய்க்கால் ஆற்றைவிட்டு விலகி, நிலத்தின் சரிவை ஒட்டி நடந்து முதல் குளத்தை நிரப்பும். அது நிரம்பினால் களிங்கு வழியே அடுத்த குளம். சித்திரைச்சாவடி வாய்க்காலில் வரிசையாக வரும் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமிக் குளம் ஆகியவையும், கோவை அணைக்கட்டைச் சார்ந்த செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவையும் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி நீர் வாங்கியவை. கடைசிக் குளத்தின் மிச்சமும், வயல்களில் பாய்ந்த நீரின் வடிகாலும், கரைக்கடியில் கசிந்த ஊற்றும் மறுபடி ஆற்றுக்கே வந்து சேரும். அடுத்த அணைக்கட்டு அந்த நீரைப் பிடிக்கும். ஒரே வெள்ளத்தைப் பல ஊர்கள் பலமுறை பயன்படுத்திக்கொள்ள இது வழி செய்தது.

அந்தக் குளங்கள் செய்த வேலைகளில் பாசனம் ஒரு பகுதிதான். மலையிலிருந்து வரும் வேகத்தை அவை தணித்தன. வண்டலைப் பிடித்தன; கோடையில் அந்த வண்டலை வண்டிகட்டி அள்ளி வயலில் கொட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாறைக்கு ஊறுவதற்கு நேரம் கொடுத்தன. ஐப்பசியில் நிறைந்த குளம் மாசி வரை தரையை நனைத்துக்கொண்டிருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் சித்திரை வரை தாங்கும். ஆற்றில் நீர் தெரியாத மாதங்களிலும் நொய்யல் கிணறுகளில் இருந்தது.

இதைக் கட்டியவர் யார்? கொங்குச் சோழர் காலத்துப் பணி என்பது பரவலான கூற்று. குளங்கள் பல, ஊர்ப்பெயர்களோடும் கல்வெட்டுகளோடும் சேர்த்துப் பார்க்கும்போது, இடைக்காலத்தில் காடு திருத்தி ஊர் அமைத்த வேலையோடு பிறந்தவை என்பது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஓர் அரசன் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் ஒன்றுக்கொன்று நீர் விட்டுக்கொடுக்கும் மட்டத்தில் அமைவதற்குப் பல தலைமுறைத் திருத்தங்கள் தேவை. மேல் அணைக்கட்டுக்காரர் சுவரை ஒரு சாண் உயர்த்தினால் கீழ் ஊர் காயும். கீழ் ஊர் சண்டைக்கு வரும். அந்தச் சண்டைகளும் சமாதானங்களும் சேர்ந்து செதுக்கியதுதான் இந்த ஏற்பாடு.

அது எல்லாருக்கும் நியாயமாக இருந்ததாகவும் எழுத முடியாது. ஆயக்கட்டு நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்குத்தான் நீர். சேறு அள்ளியவர்கள், கரை காத்தவர்கள், நள்ளிரவில் மடை திறந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற சாதியார். அவர்களுக்குக் கிடைத்தது தானியக் கூலி. ஊரார் கூடிக் குளத்தையும் வாய்க்காலையும் பராமரிக்கும் குடிமராமத்தை ஆங்கிலேயர் காலத்தில் 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய உழைப்பாக்கினார்கள். குளத்தின் வருமானமும் அதிகாரமும் அரசுக்குப் போன பிறகு உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டால் எத்தனை நாள் நடக்கும்? வாய்க்கால்கள் தூர்ந்ததன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஆற்றங்கரைச் சாலை

நொய்யல் கரை பாசன ஊர்களுக்கு முன்பே வணிக வழியாக இருந்தது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் நுழைந்து சேரர் தலைநகரான கரூருக்குப் போகிறவருக்கு இயற்கை போட்டுக்கொடுத்த பாதை இந்த ஆற்றின் பள்ளத்தாக்கு. அந்தப் பாதையில் போளுவாம்பட்டி, பேரூர், வெள்ளலூர், சூலூர், கொடுமணல் என்று பழைய குடியிருப்புகள் வரிசையாகக் கிடைக்கின்றன. வெள்ளலூரில் 1842-இல் ஒரு பானையளவு ரோமானிய வெள்ளி நாணயங்கள் வெளிப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவை, அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பின்னரும் அதே ஊரில் புதையல்கள் கிடைத்தன. அந்த வெள்ளலூர் இன்று கோவை மாநகரின் குப்பைக் கிடங்குக்காக அறியப்படுகிறது என்பதை எழுதும்போது மனம் கசக்கிறது.

கொடுமணல் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்று கருதுகிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒய். சுப்பராயலு, கா. ராஜன் போன்றோரின் முயற்சியில் இங்கே அகழாய்வு செய்தது. பின்னர்ப் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை மணியாகக் கடைந்த பட்டறைகளின் எச்சங்கள், நூற்றுக்கணக்கான தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் கிடைத்தது. நீலக்கல்லுக்குச் சிவன்மலைப் பக்கம். ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில் ஒரு தொழிலூர், தொலைதூரச் சந்தைக்காகப் பொருள் செய்துகொண்டிருந்தது. தொழில் வந்ததால் ஆறு கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் கொடுமணலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தொழில், எதை ஆற்றில் விட்டது என்பதே கேள்வி.

சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டியிருக்கும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு ஆதித்த சோழன் காலத்தது என்று கருதப்படுகிறது. பழைய வழி சோழர் காலத்திலும் உயிரோடு இருந்ததற்கு அது சாட்சி. பேரூரில் பட்டீசுவரர் கோயிலின் படித்துறையில் நொய்யலைக் காஞ்சிமாநதி என்ற பழம்பெயரால் வணங்குகிறார்கள். ஆடிப்பெருக்கன்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும், சப்தகன்னியருக்குக் கல் நட்டுப் படைக்கவும் இன்றும் கூட்டம் வருகிறது. புதுவெள்ளம் வரும் மாதத்தை விழாவாக வைத்த கணக்கு சரியானது. பல ஆண்டுகளில் அந்த நாளில் ஆற்றில் குளிக்க நீர் இருப்பதில்லை.

கிணறு ஆழமானது, ஆறு விலகியது

ஆற்றிலிருந்து எட்டிய நிலங்களுக்கு எப்போதும் கிணறுதான். கவலை கட்டி, மாடுகள் பின்நடந்து இறைத்த தோட்டங்கள் கொங்கு வேளாண்மையின் முதுகெலும்பு. 1887-இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிணற்றுப் பாசனத்துக்குக் கொடுக்கும் இடமே இதைச் சொல்லும். கீழ்நொய்யலில், காங்கேயம் பக்கத்தில், கிணறும் கைவிடும் நிலத்தைக் கொறங்காடாக விட்டு, வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்த்து மாடு மேய்த்தார்கள். காங்கேயம் காளை அந்த வறட்சியின் கொடை.

1888-இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை எழுந்தது முதல் கோவை பருத்தி நகரமாகத் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. அதே மின்கம்பி தோட்டங்களுக்கும் போனது. மாடு இறைத்த ஆழத்துக்கும் மோட்டார் இறைக்கும் ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு நொய்யல் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று கருதுகிறேன். கவலையால் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு வரம்பு இருந்தது. குளத்திலிருந்து ஊறுவதும் கிணற்றில் இறைப்பதும் ஏறக்குறைய ஈடாக இருந்தன. மோட்டாரும், பிறகு ஆழ்துளைக் கிணறும் வந்ததும் அந்த ஈடு உடைந்தது. இன்று 1,000 அடியைத் தாண்டித் துளைபோடும் ஊர்கள் இங்கே சாதாரணம். நிலத்தடி மட்டம் கீழே போன பின், ஆற்றுக்கு ஊற்றாய்த் திரும்பிய கசிவு நின்றது. குளத்து நீரை நம்ப வேண்டிய தேவை குறைந்ததும் வாய்க்காலைத் தூர்வாரும் ஆர்வமும் குறைந்தது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போனது.

இதற்கிடையே நகரங்கள் குடிநீருக்கு வேறு திசை பார்த்தன. கோவைக்கு 1930-ஐ ஒட்டிச் சிறுவாணி நீர் வந்தது. பிறகு பவானி ஆற்றின் பில்லூரிலிருந்து. திருப்பூருக்கும் குடிநீரும் தொழில்நீரும் பவானியிலிருந்தே. சிறுவாணியும் பவானியோடு சேரும் ஆறுதான். ஆகவே நொய்யல் வடிநிலத்து மக்கள் குடிப்பது பவானி, கழிப்பது நொய்யலில். இந்த ஒரு வாக்கியத்தை எல்லாத் திட்ட அறிக்கைகளின் முதல் பக்கத்திலும் எழுதி வைக்கலாம். குடிக்கிற ஆற்றைக் காக்க ஊருக்குக் காரணம் இருக்கும். கழிக்கிற ஆற்றுக்கு அப்படியொரு காவல் இல்லாமல் போயிற்று. கோவைக்குக் கீழே நொய்யல் வற்றாத ஆறாக மாறியதும் இப்படித்தான். வடக்கே கீழ்பவானி வாய்க்காலின் கசிவும், தெற்கே பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் வடிநீரும் கீழ்ப்பகுதியில் சேர்கின்றன. 13-ஆம் நூற்றாண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் காலிங்கராயன் வாய்க்காலும் கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் நொய்யலில்தான் முடிகிறது.

நகரத்துக் குளங்களின் கதை சுருக்கமானது. ஆயக்கட்டு வீட்டுமனையானது. வாலாங்குளத்தின் ஊடே ரயில் போகிறது. மழைநீர் கொண்டுவந்த பள்ளங்கள் கழிவுநீர் கொண்டுவந்தன. ஆகாயத்தாமரை படர்ந்தது.

உப்பு

திருப்பூரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1990-களிலேயே அந்த நகரின் நிறம் மாறிய நீரைப் பேசியது. அண்மையில் தேவிபாரதி ‘நொய்யல்’ என்றே ஒரு நாவல் தந்தார். ஆனால் பொதுப் பேச்சில் இன்னும் ஒரு குழப்பம் நீடிக்கிறது. எல்லாரும் நிறத்தைப் பார்த்தார்கள். ஆற்றைக் கெடுத்ததில் பெரிய பங்கு நிறமற்ற உப்புக்கு.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு தேவை. சாயத்தொட்டியில் ஒரு லிட்டர் நீருக்குப் பல பத்துக் கிராம் என்ற கணக்கில் சமையலுப்போ சோடியம் சல்பேட்டோ சேர்ப்பார்கள். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பு முழுதும் கழிவுநீரில் வெளியேறும். 1980-களில் பனியன் ஏற்றுமதி வேகமெடுத்ததும் நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகள் நொய்யல் கரையிலும் ஓடைக் கரைகளிலும் எழுந்தன. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு பிரித்தன. கரைந்த உப்பைப் பிரிக்கும் ஆற்றல் அந்த முறைக்கு இல்லை. வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நிலையங்கள் ஓடின, விதியும் இருந்தது, உப்பு ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை வந்தது. 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை. வெள்ளநீரைத் தேக்கி ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவது நோக்கம். திட்டம் தீட்டியபோது ஆற்றில் வெள்ளநீர் வரும் என்று கணக்கிட்டார்கள். வந்து தங்கியது பெரும்பாலும் சாயக்கழிவு. அணையைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் நலிந்தன. பின்னர் நடந்ததைத் தமிழகப் பாசன வரலாற்றில் வேறெங்கும் பார்ப்பது அரிது: கீழ்ப்பகுதி உழவர்கள் அணையைத் திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். தண்ணீர் கேட்டுப் போராடும் நாட்டில், தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போன ஆயக்கட்டுதாரர்கள் அவர்கள்.

கரூர்ப் பகுதி உழவர்களும், பின்னர் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தினரும் தொடுத்த வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. சூழல் இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம், 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004-இல் மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கூட இல்லை. உப்பேறிய நிலத்துக்கு அது எந்த மூலைக்கு? 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு சிறிதும் ஆற்றுக்கு வராத நிலையை எட்ட வேண்டும் என்று காலக்கெடுவும் அபராதமும் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கெடு கடந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் அடைக்கச் சொல்லி உத்தரவிட்டது. திருப்பூர் நின்றது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆற்றுக்காக அழுதவர்கள் அவர்களுக்காகவும் அழுதிருக்க வேண்டும்.

பிறகு எதிர்சவ்வூடு பரவல், ஆவியாக்கி என்று செலவுமிக்க முறைகளைச் சேர்த்து, நீரையும் உப்புக்கரைசலையும் மறுபடி தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாட்டோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. ஒரு தொழில் நகரம் முழுவதும் இந்த முறைக்கு மாறியது சாதனைதான், அதில் ஐயமில்லை. ஆற்றில் உப்பின் அளவு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. இருந்தும் மூன்று தொல்லைகள் தீரவில்லை. ஆவியாக்கியில் மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் எங்கே வைப்பது? உரிமமின்றி ஒளிந்து நடக்கும் சிறு பட்டறைகள் மழை நாளில் திறந்துவிடும் கழிவை யார் பிடிப்பது? மூன்றாவதுதான் மெல்லக் கொல்வது: இருபது ஆண்டுகளாகப் பாறை வெடிப்புகளிலும் மண்ணிலும் இறங்கிய உப்பு உத்தரவைக் கேட்டு வெளியே வராது. அதை அலசிக் கொண்டுபோக நல்ல வெள்ளம் வேண்டும். நல்ல வெள்ளத்தையோ மேலே குளங்களும் வாய்க்கால்களும் இழந்த ஊர்கள் அடித்து ஓடவிடுகின்றன. அது நகரத்துக் கழிவையும் வாரிக்கொண்டு வருகிறது.

மீட்பு என்ற பெயரில்

2003-ஐ ஒட்டிய கடும் வறட்சி கோவையை உலுக்கியது. அந்த ஆண்டு தொடங்கிய சிறுதுளி அமைப்பும் பல தன்னார்வலர்களும் குளங்களைத் தூர்வாரினார்கள். கிருஷ்ணாம்பதி போன்ற குளங்களில் மறுபடி நீர் நின்றது. திருப்பூர்ப் பக்கம் நல்லாற்றின் நஞ்சராயன் குளத்துக்குப் பறவைகள் திரும்பி வந்தன. 2022-இல் அது பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. கௌசிகா நதியின் தடத்தைத் தேடித் தேடிச் சீரமைப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் செய்தது சிறிதென்று யாரும் சொல்ல வேண்டாம். குளம் என்பதே மறந்துபோன தலைமுறைக்கு அதைக் காட்டியவர்கள் இவர்கள்.

ஆனால் நகரத்துக் குளங்களில் பெரும் பணம் செலவானது நடைபாதைக்கும் விளக்குக்கும் கரைச்சுவருக்கும்தான். குடும்பத்தோடு மாலையில் நடக்க இடம் கிடைத்தது நல்லது. குளத்துக்குள் வருவது வாய்க்கால் நீரா, சாக்கடை நீரா என்பதை அந்தச் செலவு மாற்றவில்லை. மண்கரையில் நாணலும் நீர்நொச்சியும் இருந்த இடத்தில் கற்சரிவு வந்ததால் பறவைக்கும் மீனுக்கும் இடம் சுருங்கியது. ஆற்றின் கரையிலும் இதே ஆசை தலைதூக்குகிறது: இரு பக்கமும் சுவர் எழுப்பி நேராக்கினால் ஆறு சீர்பட்டுவிடும் என்ற நம்பிக்கை. சுவருக்குள் போன நொய்யல் வாய்க்காலுக்கு நீர் தராது, பாறைக்கும் தராது. அது விரைவாகக் காவிரிக்குப் போகும் ஒரு குழாய்.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இன்னொரு வகை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் கேட்டுப் பெற்ற திட்டம். பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை எக்கிக் குழாய்வழியே 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். வறண்ட குட்டையில் நீரைப் பார்த்த ஊர்களின் மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் அந்த நீரை உள்ளூர் மழைநீருக்கு மாற்றாக நினைத்தால் பள்ளங்களைத் திருத்தும் வேலை கிடப்பில் போய்விடும். பவானியில் உபரி இல்லாத ஆண்டில், பள்ளம் அடைபட்ட ஊருக்கு எதுவும் வராது.

மலையடிவாரத்திலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கில் கட்டடங்கள் ஓடைகளை நெருக்குகின்றன. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்சூளைகளுக்காகச் செம்மண் வெட்டியதில் மலையோடைகள் பல அடி ஆழக் குழிகளாகிப்போயின. மக்கள் போராட்டத்துக்கும் நீதிமன்றத் தலையீட்டுக்கும் பிறகு 2021-இல் சூளைகள் அடைக்கப்பட்டன. குழிகள் அப்படியே கிடக்கின்றன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இன்னும் ஓடை என்றே இருக்கும் நிலங்களை அளந்து எல்லைக்கல் நடுவது, வாய்க்கால் தலைப்பில் மதகுகளைச் சரிசெய்வது, நகரக் கழிவைக் குளத்துக்கு வரும் முன்னே சுத்திகரிப்பது ஆகிய மூன்றும் அழகாகப் படம்பிடிக்க முடியாத வேலைகள். நொய்யலுக்குத் தேவைப்படுபவை இவையே.

ஆற்றின் நலத்தை எங்கே நின்று அளப்பது என்பதும் முக்கியம். இதுவரை பேரூர்ப் படித்துறையிலும் திருப்பூர்ப் பாலத்திலும் நின்றுதான் அளந்திருக்கிறோம். நுரை தெரிகிறதா, நிறம் தெரிகிறதா என்று. சின்னமுத்தூர்த் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியாகக் கரூர் மாவட்டத்து ஆத்துப்பாளையம் அணைக்கு நொய்யல் நீர் போகிறது. அந்த ஆயக்கட்டு மக்களுக்குப் பெரிய நகரம் இல்லை, ஏற்றுமதி இல்லை, அவர்கள் ஆற்றில் எதையும் விட்டதும் இல்லை. மேலே செய்த ஒவ்வொரு தவறும் கடைசியில் அவர்கள் கிணற்றில்தான் வந்து நிற்கிறது. அங்கே வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரின் உப்பை அளந்து, வாய்க்கால் மதகில் வந்த நீரையும் அளந்து, இரண்டையும் ஆண்டுதோறும் ஊராட்சிப் பலகையில் எழுதிப்போட்டால் போதும், மீட்புத் திட்டம் எதுவானாலும் அது நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த அளவீட்டுக்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை. அடுத்த ஆடிக்குள் தொடங்கலாம்.